ஹைலக்ஸ் 2.5 பக்கிக்கு எந்த ஆயில் பில்டர் வாங்குவது? புரட்டாசிக்கு முன்னால் மாற்ற வேண்டும்

காய்கறி பக்கி | சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா | ஆகஸ்ட் 6

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2010 டொயோட்டா ஹைலக்ஸ் 2.5 டி-4டி டீசல் பக்கி (பின்னால் சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி), 4x4 இல்லை, பின் சக்கரம் மட்டும் ஓடும் வண்டி. 3,12,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. வாரத்தில் ஐந்து நாள் விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பி கிளேர்வுட் மொத்தச் சந்தையில் சரக்கு ஏற்றுகிறேன். வெள்ளியும் சனியும் இங்கே சாட்ஸ்வர்த்தில் உள்ள பங்களாதேஷ் சந்தையில் கடை. உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்துவிடும், அவ்வளவு பாரம்.

இத்தனை வருஷமாக ஒரே மெக்கானிக்தான் ஆயில் மாற்றினார். எந்த பில்டர் போடுகிறார் என்று நான் கேட்டதே இல்லை. அவர் தொழிலை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குக் கேப் டவுன் போய்விட்டார். சரி, இனி நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்குப் போனேன். கவுண்டரில் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். மூன்றையும் திறந்து பார்த்தேன். ஒரே உயரம், ஒரே வட்டம், ஒரே மாதிரி ரப்பர் வளையம். ஆனால் ஒன்றின் விலை இன்னொன்றைவிட மூன்று மடங்கு. "எல்லாமே பொருந்தும் அண்ணே" என்றான் பையன். ஒன்றையும் வாங்காமல் வந்துவிட்டேன்.

இன்னொரு விஷயம். கொஞ்ச நாளாகக் காலையில் முதல் ஸ்டார்ட்டில் டேஷ்போர்டில் உள்ள ஆயில் எச்சரிக்கை விளக்கு அணைய நாலைந்து வினாடி ஆகிறது. முன்பெல்லாம் இஞ்சின் பிடித்த கையோடு அணைந்துவிடும். இதுவும் பில்டர் கோளாறுதானா?

புரட்டாசி வந்தால் ஒரு மாதம் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஊரே விரதம், ஊரே காய்கறி. வருஷ வருமானத்தில் பெரிய பங்கு அந்த மாதத்தில்தான். அதற்குள் வண்டியைச் சரியாக்கிவிட வேண்டும்.

வெள்ளை ஹைலக்ஸ் | அம்சிண்டோ | ஆகஸ்ட் 6

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? இருப்பதில் விலை குறைந்ததை வாங்கி 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலோடு சேர்த்து மாற்றுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், 2,40,000 ஓடிவிட்டது. டீசல் இஞ்சினுக்குப் புது ஆயில்தான் முக்கியம்.

பீனிக்ஸ் பட்டறை | ஆகஸ்ட் 6

தம்பி, விலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பில்டர் உங்கள் இஞ்சினுக்கு உரியதுதானா என்பதை முதலில் பாருங்கள். உயர்ந்ததா, மட்டமா என்பது அப்புறம்.

"ஒரே உயரம், ஒரே வட்டம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று சொல்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் என் பட்டறைக்கு ஒரு பழைய பெட்ரோல் பக்கி வந்தது. வண்டிக்காரர் தானே பில்டரும் ஆயிலும் வாங்கி வந்திருந்தார். என்னிடம் வேலை பழகிய பையன் மாட்டினான். கையால் சுற்றும்போதே வழக்கத்தைவிட லேசாக ஓடியதாம், கடைசியில் இறுகிவிட்டதாம். இஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அடியில் அட்டை போட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. அனுப்பிவிட்டோம். மறுநாள் காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்து தெருமுனை ஏற்றத்தில் ஏறும்போது பில்டர் பிய்த்துக்கொண்டு விழுந்தது. ஆயில் தடித்திருக்கும் காலை நேரத்தில்தான் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். ஆயில் தொட்டியில் இருந்தது முழுக்கத் தெருவில். விளக்கு எரிந்ததும் அந்த மனிதர் சாவியைத் திருப்பி நிறுத்தினார், அதனால் இஞ்சின் பிழைத்தது.

அந்த பில்டரையும் சரியான பில்டரையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளந்தேன். வெளியே ஒரு வித்தியாசமும் இல்லை. உள்ளே திருகு மரைதான் வேறு. இஞ்சினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 16 மரை. அவர் வாங்கி வந்த பில்டர் 20 மில்லிமீட்டர் தண்டுக்கு, ஒன்றரை மில்லிமீட்டர் மரையில் செய்தது. கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. நுனியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, ரப்பர் வளையம் அழுந்தியதும் இறுகிவிட்டது போலக் காட்டியிருக்கிறது. இந்த இரண்டு மரையும் உலகம் முழுக்க எத்தனையோ வண்டிகளில் இருக்கின்றன. பெட்டியும் ஒரே நிறத்தில் வரும். தவறு பட்டறையினுடையது, நான்தான் ஆயில் செலவையும் கொடுத்தேன். அன்றிலிருந்து வாடிக்கையாளர் கொண்டுவரும் பில்டரை எண் பார்க்காமல் நான் தொடுவதில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து டொயோட்டா உதிரிபாகக் கவுண்டரில் பில்டர் எண்ணை எழுதி வாங்குங்கள். அங்கேயே வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நம் டர்பனிலேயே தயாராகும் ஜி.யு.டி. போன்ற பில்டர்காரர்களின் பட்டியலில் டொயோட்டா எண்ணைக் கொடுத்தால் இணையான எண் வந்துவிடும். அப்புறம் பெட்டியில் உள்ள எண்ணும் உள்ளே டப்பாவில் அச்சடித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பெட்டி மாறிப்போவது நடக்கிற விஷயம்.

வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஹைலக்ஸ் என்றால் 2.5, 3.0, பெட்ரோல், 2016க்கு அப்புறம் வந்த ஜிடி-6 எல்லாமே ஹைலக்ஸ்தான். இஞ்சின் வேறு வேறு.

விளக்கு விஷயம் தனி. அதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது ஒரு கிளட்ச் காத்திருக்கிறது.

காய்கறி பக்கி | ஆகஸ்ட் 7

ரொம்ப நன்றி அண்ணா. மரை என்று ஒன்று உள்ளே இருப்பதையே நான் கவனிக்கவில்லை. இன்று சேசிஸ் எண்ணோடு போகிறேன்.

ஹைவெல்ட் பொறியாளர் | மிட்ராண்ட் | ஆகஸ்ட் 7

பட்டறை அண்ணன் சொன்னதற்கு மேல் கொஞ்சம். நான் கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, ஹைட்ராலிக் இயந்திரங்களில் வேலை. எங்களுக்குத் தினமும் பில்டர்தான் பேச்சு.

கடையில் "20 மைக்ரான் பில்டர்" என்பார்கள் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்த எண் மட்டும் எதையும் சொல்லாது. 20 மைக்ரான் துகளில் பாதியைப் பிடிக்கிற பில்டரையும் 20 மைக்ரான் என்று சொல்லலாம், நூற்றில் தொண்ணூற்றெட்டுக்கு மேல் பிடிப்பதையும் அப்படியே சொல்லலாம். இதை அளக்க பீட்டா என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு குறிப்பிட்ட அளவுத் துகள் 75 உள்ளே போய் ஒன்று மட்டும் வெளியே வந்தால் பீட்டா 75, அதாவது 98.7 சதவீதம் பிடிபட்டது. இரண்டு போய் ஒன்று வந்தால் பீட்டா 2, வெறும் பாதி. ஐ.எஸ்.ஓ. 4548-12 என்ற சோதனை முறைப்படி இதை அளக்கிறார்கள். பெட்டியிலோ தயாரிப்பாளரின் பக்கத்திலோ இந்தச் சோதனை எண்ணோடு சதவீதமும் போட்டிருந்தால் அவர்கள் அளந்திருக்கிறார்கள் என்று நம்பலாம். வெறும் மைக்ரான் எண் என்றால் நான் அதைக் கணக்கில் எடுக்க மாட்டேன்.

இன்னொன்று, நன்றாகப் பிடிக்கிறது என்பது மட்டும் போதாது. எவ்வளவு அழுக்கைத் தாங்கும் என்பதும் வேண்டும். மெல்லிய துளையுள்ள தாளைக் கொஞ்சமாக வைத்தால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மடிப்பு அதிகம், தாளின் பரப்பு அதிகம் என்றால் அழுக்கு தங்க இடம் இருக்கும். விலை வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. வெளித் தகரம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

வெள்ளை ஹைலக்ஸ் | ஆகஸ்ட் 7

சதவீதம் எல்லாம் சரி. என் வண்டியில் ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிடுகிறது. விலை உயர்ந்த பில்டரும் போட்டுப் பார்த்தேன், அப்போதும் கறுத்தது. அப்படியானால் பில்டர் என்னதான் பிடிக்கிறது?

பீனிக்ஸ் பட்டறை | ஆகஸ்ட் 7

நல்ல கேள்வி, நிறைய பேர் கேட்பது. கறுப்பு, டீசல் கரியால் வருவது. அந்தக் கரித்துகள் ஒரு மைக்ரானுக்கும் சிறியது, எந்த பில்டர் தாளிலும் புகுந்து போய்விடும். அதை ஒன்றோடு ஒன்று ஒட்டவிடாமல் மிதக்க வைப்பது ஆயிலில் கலந்திருக்கும் மருந்து. அந்த மருந்துக்கு ஆயுள் உண்டு. அது தீர்ந்தால் கரி திரண்டு கூழாகிவிடும். அதனால் "புது ஆயில்தான் முக்கியம்" என்று நீங்கள் சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம். பில்டர் பிடிப்பது அதைவிடப் பெரியவற்றை: உலோகத் தூள், மணல், திரண்ட கரி. பேரிங்கைக் கீறுவது இவைதான்.

டீசலில் கந்தகமும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இன்னும் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு கந்தகம்) டீசலும் 50 பிபிஎம் டீசலும் பக்கத்துப் பக்கத்துப் பம்புகளில் கிடைக்கின்றன. 500 போட்டு ஓட்டுகிறவருக்கு ஆயிலில் அமிலம் சீக்கிரம் சேரும். கடற்கரையை விட்டு நாட்டின் உள்பக்கம் போய் எது கிடைக்கிறதோ அதை ஊற்றுகிறவர்கள் 10,000 வரை காத்திருக்காமல் முன்னாலேயே மாற்றுவது நல்லது.

ஆனால் மட்டமான பில்டரை அடிக்கடி மாற்றினால் போதும் என்பதற்கு நான் ஒப்பமாட்டேன். நான் கவலைப்படுவது தாளைப் பற்றி இல்லை, உள்ளே இருக்கும் இரண்டு வால்வுகளைப் பற்றி.

ஒன்று, திரும்பு வால்வு. வாயைத் திறந்து பார்த்தால் வட்டத் துளைகளுக்குப் பின்னால் ஒரு ரப்பர் தட்டு தெரியும். இஞ்சின் நின்றதும் பில்டரில் உள்ள ஆயில் தொட்டிக்கு வடியாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. கறுப்பு ரப்பர் சூட்டில் நாளாக நாளாக இறுகும். சிலிக்கான் ரப்பர், பெரும்பாலும் செம்மஞ்சள் நிறம், சூட்டைத் தாங்கும். பில்டர் படுத்தவாக்கிலோ வாய் கீழே பார்த்தோ இருக்கும் வண்டிகளில் இந்த வால்வு கெட்டால் தினமும் காலை பம்ப் முதலில் காலி டப்பாவை நிரப்ப வேண்டும். அந்த சில வினாடி இஞ்சின் ஆயில் இல்லாமல் சுற்றும். வாய் மேலே பார்த்துத் தொங்கும் பில்டரில் இது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை.

இரண்டாவது, பைபாஸ் வால்வு. தாள் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் தடித்து தாளில் புகாமல் நின்றாலோ, அது திறந்து ஆயிலை வடிகட்டாமலே இஞ்சினுக்கு அனுப்பும். அழுக்கு ஆயில், ஆயில் இல்லாமல் போவதைவிடத் தேவலை. சில இஞ்சின்களில் இந்த வால்வு பில்டருக்குள் இருக்கும், சிலவற்றில் இஞ்சின் உடம்பிலேயே இருக்கும். இஞ்சினில் வால்வு இல்லாத வண்டிக்கு, வால்வு இல்லாத பில்டரை மாட்டினால் யோசித்துப் பாருங்கள். வெளியே இருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. திறக்கும் அழுத்தமும் இஞ்சினுக்கு இஞ்சின் மாறும். அதனால்தான் எண், எண் என்று அடித்துக்கொள்கிறேன்.

ஹைவெல்ட் பொறியாளர் | ஆகஸ்ட் 7

இங்கே ஜூலை மாதக் காலையில் தண்ணீர்க் குழாய் உறையும் அளவுக்குக் குளிர். டர்பன்காரர்களுக்கு அந்தக் கவலை குறைவு. 15டபிள்யூ-40 என்ற தடிப்பான ஆயில் போட்டு வெளியே நிறுத்தும் பழைய பக்கிகளில் முதல் சில நிமிஷம் பைபாஸ் திறந்தே இருக்கக்கூடும். சூடாகும் வரை மெதுவாக ஓட்டுங்கள்.

கரும்புக்காட்டு மண் | ஸ்டாங்கர் | ஆகஸ்ட் 8

நாலு தலைமுறையாகக் கரும்பு எங்களுக்கு. கொள்ளுத்தாத்தா ஒப்பந்தக் கூலியாக வந்து மண்வெட்டி பிடித்த அதே மண்ணில்தான் நான் பக்கி ஓட்டுகிறேன். வெட்டுக் காலத்தில் காட்டுப் பாதையில் லாரிக்குப் பின்னால் போனால் முன்னால் இருப்பது தெரியாது, அப்படிப் புழுதி.

என் பழைய பக்கி 1,80,000த்தில் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. அப்போது ஆயில் பில்டரைத்தான் குற்றம் சொன்னேன். இஞ்சினைப் பிரித்தவர் காட்டினார்: ஏர் பில்டர் பெட்டியின் ஒரு கிளிப் உடைந்திருந்தது, குழாயின் உள்பக்கம் செம்மண் தடம். விரலால் தடவினால் பொடி. அந்தப் பொடி சிலிண்டருக்குள் போய்த் தேய்த்து, கடைசியில்தான் ஆயிலில் கலக்கிறது. ஆயில் பில்டருக்கு வந்து சேரும்போது கெடுதல் பாதி முடிந்துவிட்டது. ஆகவே ஆயில் பில்டருக்குக் காசு செலவழிக்கிறவர்கள் ஏர் பில்டர் பெட்டியைத் திறந்து விளிம்பு ரப்பரையும் கிளிப்பையும் ஒருமுறை பாருங்கள். எங்களைப் போல மண் பாதையில் ஓடுகிறவர்களுக்கு இது ஆயில் பில்டரைவிட முதல் வேலை.

டொங்காட் மகள் | ஆகஸ்ட் 8

எல்லாரும் பழைய வண்டிக்காரர்களாக இருக்கிறீர்கள், என் கேள்வியைத் தப்பாக நினைக்க வேண்டாம். அப்பாவுக்காகப் போன வருஷம் புது ஜிடி-6 வாங்கினோம். அப்பா ஐம்பது வருஷமாகத் தன் வண்டிக்குத் தானே ஆயில் மாற்றியவர். வெளியே கைவைத்தால் வாரண்டி போய்விடும் என்று ஒருவர் பயமுறுத்திவிட்டார். அதிலிருந்து அப்பா பானெட்டைத் திறக்கவே யோசிக்கிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. உண்மையில் நிலைமை என்ன?

பீனிக்ஸ் பட்டறை | ஆகஸ்ட் 8

தங்கச்சி, 2021 ஜூலை 1 முதல் போட்டி ஆணையத்தின் (வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) வழிகாட்டு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. வாரண்டி காலத்திலும் வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்யலாம். வெளியே செய்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக முழு வாரண்டியையும் ரத்து செய்ய முடியாது. ஆனால் அந்த வேலையாலோ அந்தப் பொருளாலோ சேதம் வந்தது என்று தெரிந்தால் அந்தச் சேதத்துக்கு வாரண்டி நிற்காது. வண்டியோடு சர்வீஸ் பிளான் வந்திருந்தால் அதற்கான பணத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள், அதைப் பயன்படுத்துங்கள்.

அப்பா வீட்டில் தானே செய்வது வேறு விஷயம். பதிவான பட்டறையின் பில் இருந்தால் பேச்சு எடுபடும், வீட்டு வாசலில் செய்த வேலைக்கு யார் சாட்சி? அதனால் வாரண்டி முடியும்வரை பட்டறைக்கு விடுங்கள், அப்பாவைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த எண் பில்டர் போட்டார்கள் என்று பில்லில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஐம்பது வருஷ அனுபவம் உள்ளவர் பக்கத்தில் நின்றால் வேலை ஒழுங்காக நடக்கும்.

டொங்காட் மகள் | ஆகஸ்ட் 8

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பில்லில் எண் எழுதச் சொல்" என்பதை இரண்டு முறை சொல்லச் சொன்னார். நன்றி அண்ணா.

ஐந்து சிலிண்டர் | வெருலம் | ஆகஸ்ட் 9

ஃபோர்டு ரேஞ்சர் பக்கி வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக இரண்டு வரி. 2011க்கு அப்புறம் வந்த 2.2, 3.2 டீசல் ரேஞ்சரில் டப்பா பில்டர் கிடையாது. பிளாஸ்டிக் மூடிக்குள் தாள் பில்டர் மட்டும். மூடியின் ஓ-ரிங்கைப் புதிதாக மாற்றுங்கள், பழையது தட்டையாகி ஓரம் கடினமாகியிருக்கும். ஓ-ரிங்கோடு வராத பில்டரை நான் வாங்குவதில்லை.

அதைவிட முக்கியம், ஆயிலை வடியவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். இந்த இஞ்சினின் ஆயில் பம்ப் வடிந்துபோனால் மறுபடி ஆயிலை இழுக்காமல் நின்றுவிடும். பத்து நிமிஷத்துக்குள் அடைப்பானைப் போட்டுப் புது ஆயிலை ஊற்றிவிட வேண்டும். ஹைலக்ஸ் பழக்கத்தில் ராத்திரி முழுக்க வடியவிட்ட ஒருவருடைய இஞ்சின் போனதை என் கண்ணால் பார்த்தேன். சொட்டுச் சொட்டாக எல்லாம் வடிய வேண்டும் என்று நினைத்துத்தான் அந்த மனிதர் அப்படிச் செய்தார், பாவம்.

காய்கறி பக்கி | ஆகஸ்ட் 10

சேசிஸ் எண்ணோடு போய்ச் சரியான பில்டரை வாங்கிவிட்டேன். அன்று பையன் காட்டிய மூன்றில் ஒன்று என் இஞ்சினுக்கு உரியதே இல்லை என்று பட்டியலில் தெரிந்தது. விலையில் நடுவில் இருந்ததை எடுத்தேன், திரும்பு வால்வு செம்மஞ்சள் நிறம். ஞாயிற்றுக்கிழமை மாற்றப் போகிறேன். செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பீனிக்ஸ் பட்டறை | ஆகஸ்ட் 10

பழைய பில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில சமயம் இஞ்சினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேல் புது வளையம் உட்கார்ந்தால் ஓடும்போது பிதுங்கி ஆயில் கொட்டும். உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து விரலால் தடவுங்கள். புது வளையத்தில் ஆயில் தடவுங்கள். கையால் சுற்றி, வளையம் தொட்டதும் அங்கிருந்து முக்கால் சுற்று. டப்பாவிலேயே அளவு அச்சடித்திருந்தால் அதன்படி. இறுக்குவதற்கு ஸ்பேனர் வேண்டாம், கழற்றத்தான் அது.

பழைய பில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். அதை அறுத்துப் பாருங்கள். கிரைண்டர் வைத்தால் அதன் பொடியே தாளில் விழுந்து குழப்பும். டப்பா வெட்டும் கருவி இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஆக்சா பிளேடால் வாய்ப்பக்க விளிம்பை மெதுவாக அறுங்கள். தாளை விரித்து, பிழிந்து, வெயிலில் காய வையுங்கள். காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் மின்னினால் பேரிங் உலோகமோ அலுமினியமோ. கறுப்பாகக் கடினமாக இருந்து நகத்தில் நசுங்கினால் கரி. என்ன தெரிந்தாலும் இங்கே எழுதுங்கள். அந்த விளக்கு எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

காய்கறி பக்கி | ஆகஸ்ட் 12

மாற்றிவிட்டேன். அறுத்தும் பார்த்தேன். திரும்பு வால்வு கறுப்பு ரப்பர், வெற்றிலைக்காம்பு மாதிரி விறைத்துப்போய், மடக்கினால் விரிசல் விட்டது. தாளில் இரும்பு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் மடிப்பின் அடியில் கறுப்புத் துணுக்குகள், கடுகு அளவுக்கு, நிறைய. நகத்தில் வைத்து அழுத்தினால் பொடிகிறது. கரியாகத்தான் இருக்க வேண்டும்.

திங்கள் காலை ஸ்டார்ட் செய்தேன். விளக்கு அணைய மூன்று வினாடி. கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் பழையபடி இல்லை.

பீனிக்ஸ் பட்டறை | ஆகஸ்ட் 12

தம்பி, வண்டியை அதிகம் ஓட்டாதீர்கள். நான் பயந்தது இதுதான்.

விறைத்த வால்வு போய்ப் புதியது வந்ததால் தாமதம் கொஞ்சம் குறைந்தது, அது பில்டரின் பங்கு. மீதி பில்டருக்கு முன்னால் இருக்கிறது. ஆயில் போகும் வழியை நினைத்துப் பாருங்கள்: தொட்டி, அதற்குள் உறிஞ்சு குழாயின் வலை, பம்ப், அதற்கு அப்புறம்தான் பில்டர். வலை அடைத்துக்கொண்டால் பம்புக்கே ஆயில் வராது. தங்கத்தில் பில்டர் செய்து மாட்டினாலும் அது உதவாது.

உங்கள் 2.5 இஞ்சினின் பெயர் 2கேடி. இதிலும் இதைவிடப் பெரிய 3.0 இஞ்சினிலும், அதாவது 1கேடியிலும், இன்ஜெக்டரின் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுவது) அடியில் இருக்கும் செப்பு வாஷர் நாளாகி விட்டுவிடும். சிலிண்டரில் எரிந்த வாயு அந்தச் சந்து வழியாக மேலே ஏறி ஆயிலைச் சுட்டுக் கரியாக்கும். அந்தக் கரி கீழே இறங்கி வலையில் படியும். ஆயில் விளக்கு மிகக் குறைந்த அழுத்தத்திலேயே அணைந்துவிடும், அதனால் அது அணைந்தது என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம் இல்லை. இப்படி இஞ்சின் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் தாமதமாக அணையும் விளக்கு, அப்புறம் ஒருநாள் பாரத்தோடு ஏற்றத்தில் பேரிங் போய்விடும்.

உங்களுடையது 4x2, கீழ்த் தொட்டியைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. புதன்கிழமை சரக்கு இல்லையென்றால் கொண்டு வாருங்கள். கூலி பற்றி அப்புறம் பேசலாம்.

வெள்ளை ஹைலக்ஸ் | ஆகஸ்ட் 12

அண்ணா, என்னுடையதும் 2கேடிதான். எனக்கு விளக்கு உடனே அணைகிறது. நானும் பார்க்க வேண்டுமா?

பீனிக்ஸ் பட்டறை | ஆகஸ்ட் 12

2,40,000 ஆகிவிட்டது என்றீர்கள். வாஷர்களை மாற்றிய பில் கையில் இல்லையென்றால் பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள், கரி ஓடு மாதிரி படிந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆயில் மாற்றும்போது பழைய பில்டரை அறுத்துப் பாருங்கள். நீங்கள் 5,000க்கு மாற்றுவது உங்கள் இஞ்சினைக் காப்பாற்றியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.

காய்கறி பக்கி | ஆகஸ்ட் 15

நேற்று முன்தினம் பீனிக்ஸ் போனேன். அண்ணனை நேரில் பார்த்தேன், கையைக் கழுவக்கூட நேரமில்லாமல் வேலை செய்கிறார்.

தொட்டியைக் கழற்றினோம். வலையைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. வட்டமான வலை, அதில் பாதிக்கு மேல் கறுப்புக் கூழ் அப்பியிருக்கிறது. நடுவில் ஒரு ஐந்து ராண்ட் நாணயம் அளவு இடத்தில்தான் வெளிச்சம் தெரிந்தது. இஞ்சின் இத்தனை நாளும் அந்த நாணயம் வழியாகத்தான் ஆயில் குடித்திருக்கிறது. தொட்டியின் அடியில் விரலை விட்டால் காபித்தூள் மாதிரி நறநறவென்று கரி.

இன்ஜெக்டர்களையும் கழற்றினார். நாலில் இரண்டின் வாஷரில் கறுப்புத் தடம், வாயு கசிந்த இடம். நாலுக்கும் புது வாஷர் போட்டு, வலையைக் கழுவி, தொட்டியைச் சுத்தம் செய்து பேஸ்ட் போட்டு ஒட்டி, ஒரு இரவு காயவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மாட்டிய பில்டரையும் கழற்றிவிட்டுப் புதிதாக இன்னொன்று, அதே எண். நாலு நாள் ஓடியதுதானே என்றேன். அண்ணன் அதை அறுத்துக் காட்டினார். நாலு நாளில் அதிலும் கடுகு.

1,000 கிலோமீட்டரில் மறுபடி ஆயிலும் பில்டரும் மாற்றச் சொல்லியிருக்கிறார், உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருமாம். அழுத்தமானி வைத்துப் பார்த்தோம், சூட்டில் ஐட்லிங்கிலும் முள் ஒழுங்காக நின்றது. பேரிங் சத்தம் இல்லை.

கரும்புக்காட்டு மண் | ஆகஸ்ட் 15

நல்ல நேரத்தில் பார்த்தீர்கள் தம்பி. ஏர் பில்டர் பெட்டியையும் பார்த்தீர்களா?

காய்கறி பக்கி | ஆகஸ்ட் 15

பார்த்தேன் அண்ணா. கிளிப் எல்லாம் சரி. விளிம்பு ரப்பர் ஒரு இடத்தில் கிழிந்திருந்தது, மாற்றிவிட்டோம்.

காய்கறி பக்கி | செப்டம்பர் 9

1,000 ஓடிவிட்டது. நேற்று ஆயிலும் பில்டரும் மாற்றினேன், இந்த முறை தனியாக நானே. பழையதை அறுத்து மொட்டை மாடியில் காய வைத்தேன். பத்துப் பதினைந்து துணுக்குகள்தான். காந்தத்தில் ஒன்றும் இல்லை. புது டப்பாவில் தேதியையும் கிலோமீட்டரையும் பெயிண்ட் பேனாவால் எழுதியிருக்கிறேன்.

இன்று காலை மூன்றரைக்கு சாவியைத் திருப்பினேன். இஞ்சின் பிடித்ததும் விளக்கு அணைந்தது. கிளேர்வுட்டில் பூசணியும் பீர்க்கங்காயும் வரத் தொடங்கிவிட்டன.